அடுப்புக்கு ஒரு கூறு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. அந்தப் பக்கம் சாரல் அடிக்கும், இந்தச் சுவரோரம் வந்துவிடுங்கள். கடலை உரிக்கிறவர்கள் உரித்துக்கொண்டே கேட்கலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் நாலு கொடுத்தால் போதும். எண்ண வந்தவர்களிடம் ஒரு ஊரே சேர்ந்து பொய் சொல்லிவிட்டு, கடைசியில் ஓர் ஆட்டின் ஈரலால் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

புதூர்நாட்டுக்கும் மேலே, ஜீப்பு நின்று நின்று மூச்சு வாங்கி ஏறும் மண்பாதையின் முடிவில் அந்த ஊர். சாமை விளையும், பலா காய்க்கும், பஸ் மனசு வைத்தால் வரும். ஊர்க்கோடி வீட்டில் சின்னக்குழந்தை, தேவயானி என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். சின்னக்குழந்தைக்குப் பெயரில்தான் குழந்தை. அவள் ஏறி உலுக்கினால் புளியமரம்தான் பயப்படும். தேவயானி ஒல்லி. நெல்லிவாசல்நாட்டில் கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல், வாங்கிய பரிசத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு சின்னக்குழந்தை வீட்டில் வந்து இறங்கியவள். வந்தவள் போகவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பாய். ஊர் முதலில் முணுமுணுத்தது. அந்த நேரம் பார்த்துச் சாமைக் கொல்லையில் களை மண்டியது, களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. இந்த இரண்டு பேரையும்தான் கூப்பிட வேண்டியதாயிற்று, முணுமுணுப்பு நின்றுவிட்டது. அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பது?

கேட்டது மலைக்குக் கீழேதான்.

இந்த வருஷம் புளி உலுக்கும்போது கிளை ஒடிந்து சின்னக்குழந்தை விழுந்தாள். கால் முறிந்தது. ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

"நீங்க இவங்களுக்கு இன்னா வேணும்?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்.

"கூட இருக்கறவ," என்றாள் தேவயானி.

"கூடன்னா? அக்காவா, தங்கச்சியா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்கம்மா."

சொந்தக்காரன் என்று ஒருவன் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் இருந்தான், அண்ணன் மகன். சின்னக்குழந்தை அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. அவன் லீவு கேட்டு, பஸ் பிடித்து, வந்து கையெழுத்துப் போட்டு, "அத்த, நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். அதுவரை எலும்பு காத்திருந்தது. காத்திருந்த எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து தேவயானிக்கு ஒரே ஆசை. அடுத்த தடவை யாராவது 'நீ யாரு' என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும், கேட்கிறவர்கள் அந்தப் பதிலை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இது இப்படி இருக்க, ஆனி மாதத்தில் சிவசங்கரி மலையேறி வந்தாள். அடிவாரத்து உரக்கடைக்காரர் மகள், ஊர் ஊராகக் கணக்கெடுக்கிற வேலைக்குப் புதுசு. கையில் ஒரு டேப்லெட். அவளை ஏற்றி வந்த ஜீப்பை ஓட்டியவன் அதே ஊர் கோகுல்ராஜ். ஜீப்பின் உள்ளே இருந்தவர்களை விட வெளியே தொங்கியவர்கள் அதிகம்.

அந்தப் பாதையில் ஒரே ஒரு வளைவில்தான் போனுக்குச் சிக்னல் வரும். அதுவும் பாதிதான் வரும், மீதியைத் தொண்டையால் ஈடுகட்ட வேண்டும். அந்த வளைவில் சிவசங்கரியின் மேலதிகாரி ஆதிநாராயணன் கூப்பிட்டார்.

"சார், கேக்குதா சார்? ஊருக்குத்தான் போய்ட்டு இருக்கேன். ஆமா சார், பொண்ணும் பொண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்தறவங்க. குடும்பம் சார், குடும்பம். புருஷன் பொண்டாட்டி மாதிரி. மலையில ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு எப்பிடி சார் எண்றதுக்கு முன்னாடியே சொல்றீங்க? யாரும் எண்ணலன்னா அரசாங்கத்துல கொள்கை எழுதறவங்க மலைய விட்டுட்டு எழுதிடுவாங்க சார். இல்ல சார், வெளிய தெரியாது. ரகசியமாத்தான் கேப்பேன்."

அந்த 'ரகசியமாத்தான்' எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. தொங்கிக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

இங்கே அந்த ஊரின் ஒரு கொள்கையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ண வருகிறவர்கள் எதை எண்ண வந்தாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவிட வேண்டும். ஆடு எண்ண வந்தார்கள். இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு ஆட்டுக் கொட்டகை வந்தது. ஆடு இல்லாமலே இருக்கிறது என்றவர்களுக்கும் வந்தது. உள்ளதைச் சொன்ன தீர்த்தகிரிக்கு மட்டும் எதுவும் வரவில்லை. தேனீ எண்ண வந்தார்கள். கோகுல்ராஜின் தாய் சாந்தம்மாள், தேனீ கொட்டித்தான் தனக்கு மூக்கு இப்படி இருக்கிறது என்று பிறவி மூக்கைக் காட்டித் தேன்பெட்டி வாங்கினாள். இன்றும் அதில் அவள் கோழி அடைகாக்கிறது.

ஆகவே சிவசங்கரி ஊருக்குள் இறங்கி, தண்ணீர் குடித்து, செருப்பைத் தட்டிப் போட்டுக்கொள்வதற்குள் விஷயம் கடைசி வீடு வரை போய்விட்டது. பலாமரத்தடியில் பெண்கள் தலை வாரி, நல்ல புடவை கட்டி, இரண்டிரண்டு பேராக நின்றார்கள்.

"இன்னாம்மா இது, கல்யாணமா?" என்றாள் சிவசங்கரி.

"நீ எண்ண வந்த ஆளுங்கதான் நாங்க," என்றாள் சாந்தம்மாள். பக்கத்தில் அவள் மருமகள் ரம்யா. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். அந்த இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று தொட்டுப் பல வருஷம் இருக்கும். தாயும் மகனும் பிரிந்து, சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பும் அந்தப் பக்கம் ஓர் அடுப்புமாகச் சமைக்கிறார்கள்.

சிவசங்கரி குரலைத் தாழ்த்தினாள். "நான் கேக்கறது வேற அத்த. தன்பால் ஈர்ப்புன்னு சொல்வாங்க. ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணு மேல ஆசப்பட்டு, அவங்களே ஒரு குடும்பமா வாழறது."

"புரிஞ்சிதும்மா, நல்லா புரிஞ்சிது. ஜீப்புல சொன்னியே."

"புரிஞ்சுமா நிக்கிறீங்க?"

"ஆடு இல்லாதப்பவே ஆடு கீதுன்னோம். இதுல பாதி உண்மை கீதே, ரெண்டு பொண்ணு இங்க நிக்கிறமே."

சிவசங்கரி பார்த்த வேலைக்கு ஒரு விதி உண்டு. தான் யார் என்று எதிரில் இருப்பவர் சொன்னால், 'நீ அது இல்லை' என்று சொல்ல எண்ணுகிறவருக்கு உரிமை கிடையாது. நல்ல விதிதான். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் சாந்தம்மாளைப் பார்த்திருக்கவில்லை. சிவசங்கரி பெருமூச்சு விட்டு டேப்லெட்டைத் திறந்தாள்.

"எப்பலேர்ந்து சேர்ந்திருக்கீங்க?"

"எம்மவன் இவளக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து."

"மகனா?"

"அவன விடு. அவன் சும்மா நடுவுல."

ஜீப்பில் சாய்ந்து நின்ற கோகுல்ராஜ், "எம்மா," என்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து ஓரகத்திகள் இருவர் வந்தார்கள். அதற்கடுத்து, வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெண்கள் இருவர் வந்து, பேசிக்கொள்ளாமலே ஜோடி என்று பதிந்துகொண்டார்கள். தீர்த்தகிரியின் மனைவி முத்தம்மாளுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. தனியாக வந்து, "என் ஜோடி நெல்லிவாசல் பக்கம் கடுக்கா பொறுக்கப் போயிருக்கா," என்றாள்.

"நான் ஒருத்தன் உசிரோட கீறேன்," என்றார் தீர்த்தகிரி பின்னாலிருந்து.

"இருக்கட்டும். பொண்ணு போற வரைக்கும் கொல்லையில போய் இரு."

"அந்த ஆடு எண்ணப்பவே சொன்னேன், பொய் சொன்னா—"

"அதனாலதான் நமக்குக் கொட்டகை இல்ல. போ."

அவர் போனார்.

தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்த தேவயானி, மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் குடத்தை நிரப்பாமலே திரும்பிப் போய்விட்டாள். ஊரில் சேலை கட்டிய எல்லாரும் அன்று பதிந்தார்கள். பதியாதவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

திரும்பும் வழியில் சிவசங்கரிக்குத் தலைவலி. ஊர்க்கோடி வீட்டில் நின்று தண்ணீர் கேட்டாள். உள்ளே ஒரு கால் நீட்டியபடி சின்னக்குழந்தை பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டியா?" என்றாள் தேவயானி, சொம்பை நீட்டி.

"அத்தையும் மருமகளும் ஜோடியாம்க்கா. எனக்கு வேல போயிடும்."

சின்னக்குழந்தை சிரித்ததில் பலாக்கொட்டை மடியிலிருந்து உருண்டது. தேவயானி சிரிக்கவில்லை.

"நீ எழுதறது எங்க போவும்?"

"பேரு போவாதுக்கா. எண்ணிக்க மட்டும் போவும். எங்கெங்க எத்தன பேரு இருக்காங்க, எங்கெங்க கஷ்டப்படறாங்கன்னு பாத்துத்தான் கொள்கை எழுதுவாங்க. வூடு, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரியில யாரு கையெழுத்து போடலாம், இதெல்லாம்."

கடைசி வார்த்தைக்குத் தேவயானி சின்னக்குழந்தையைப் பார்த்தாள். சின்னக்குழந்தை தன் கோணல் காலைப் பார்த்தாள்.

"அரசாங்கம் எழுதிடுமா?" என்றாள் தேவயானி.

"எழுதுவாங்களான்னு எனக்குத் தெரியாதுக்கா. மலையில யாருமே இல்லன்னு போனா, நிச்சயமா மலைக்கு எழுத மாட்டாங்க. அது தெரியும்."

"எழுதிக்கோ," என்றாள் சின்னக்குழந்தை. "எங்கள எழுதிக்கோ. இவளுக்குக் கூச்சம், நான் சொல்றேன்."

"எனக்கு இன்னா கூச்சம்? ஊரே நின்ன வரிசையில நிக்க மானக்கேடா இருந்துச்சி, அவ்ளோதான். எழுதும்மா."

சிக்னல் வளைவில் ஜீப்பு நின்றதும் ஆதிநாராயணன் கூப்பிட்டார். எண்ணிக்கையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"ஊர்ல இருக்கற எல்லாப் பொண்ணுங்களுமா?"

"ஆமா சார்."

"அப்ப ஆம்பளைங்க எல்லாம் யாரும்மா?"

"நடுவுல சார்."

"வெளையாடறாங்களா? அந்த ஊர கணக்குலேர்ந்து மொத்தமா அடிச்சிடறேன். மலை, பூஜ்யம்."

"சார், அடிக்காதீங்க. அதுல ஒரு ஜோடி நெஜம்."

"எந்த ஜோடி?"

"அது ரகசியம் சார்."

"அப்ப நானே வந்து பாத்துக்கறேன்," என்றார் அவர்.

அவர் வந்து சேர்ந்தது ஆடி மாதம், காளியம்மன் திருவிழா அன்று. அன்று திருவிழா என்று அவருக்குத் தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வயிறு முழுக்கக் காலியாகிவிட்டதால், இறங்கியபோது முகம் வெண்டைக்காய் நிறத்தில் இருந்தது. ஊர் அவரைத் தாங்கிப் பிடித்துப் புளியமரத்தடியில் உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தது. கோயில் பக்கம் உடுக்கை அடிக்க, இந்தப் பக்கம் அவர் விசாரணையைத் தொடங்கினார்.

அவருடைய முறை இது. ஜோடியைத் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நிஜம், இல்லாவிட்டால் பொய். இந்தக் கேள்விகளை அவரே உட்கார்ந்து தயாரித்திருந்தார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சார், இதெல்லாம் இப்பிடிப் பொதுவுல கேக்கக் கூடாது," என்றாள் சிவசங்கரி.

"நீ கேட்ட ரகசியம் பாத்தனே," என்றார் அவர்.

முதலில் சாந்தம்மாள். "உங்க மருமக... உங்க இணை, அவங்க வழக்கம் இன்னான்னு சொல்லுங்க."

"எது சொல்றது? காலையில எழுந்தா மூணு கொட்டாவி. கொழம்புல உப்பு ஒரு கை தூக்கல். தூங்கறப்ப குறட்டை. இடது பக்கம் படுத்தா பன்னி உறுமற மாதிரி, வலது பக்கம் படுத்தா ஜீப்பு ஏத்தம் ஏறுற மாதிரி. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது சார்."

"அவங்க மேல உங்களுக்கு எப்பிடி?"

"ஒரு நாள் அவ மூஞ்சியில முழிக்கலன்னா எனக்குப் பொழுது போவாது சார். யாரத் திட்றது?"

பிறகு ரம்யா வந்தாள். மாமியாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, எந்த முழங்கால் வலிக்கிறது, வெற்றிலையை எந்தச் செம்பருத்திச் செடியில் துப்புகிறாள் என்பது வரை சொன்னாள். "என் கல்யாணத்துல அவங்க சொன்னதெல்லாம் எனக்கு வரி வரியா மனப்பாடம் சார்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆதிநாராயணன் அசந்துபோனார். எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின. இப்படி ஒருவரை ஒருவர் உயிராகக் கவனிக்கும் ஜோடியை அவர் கண்டதில்லை. அவர் வீட்டுக்காரிக்கு அவர் குறட்டை எந்தப் பக்கம் என்று தெரியுமா? நிஜம் என்று குறித்துக்கொண்டார். ஓரகத்திகளும் தேறினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெண்கள், ஒருத்தியின் குற்றம் அத்தனையும் இன்னொருத்தி விரல் விட்டு எண்ணியதில், முதல் வகுப்பில் தேறினார்கள்.

பிறகு சின்னக்குழந்தை கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"உங்க இணைக்கு ரொம்பப் புடிச்ச சாப்பாடு?"

"பலாக்கொட்டைக் கொழம்பு," என்றாள் உடனே. "அதுக்காகவே வருஷம் பூரா கொட்டையச் சேத்து வைக்கிறேன். எனக்கு அத வாயில வைக்க முடியாது. அவ ஆசயாத் தின்றாளேன்னு கூட உக்காந்து தின்னுவேன்."

தேவயானி வந்தாள்.

"உங்களுக்கு ரொம்பப் புடிச்ச சாப்பாடு?"

"எதுவா இருந்தாலும் சரிங்க. பலாக்கொட்டைக் கொழம்பு மட்டும் ஆவாது, வயித்த முறுக்கும். ஆனா அவளுக்கு அதுன்னா உசிரு. பாவம், ஆசயா செய்யறா, நான் எப்பிடி வேணான்றது?"

ஆதிநாராயணன் உதட்டைப் பிதுக்கினார். "அவங்க எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"தெரியலீங்க. நான்தான் மொதல்ல தூங்கிடுவேன்."

"எதுக்காவது சண்ட?"

"போட்டிருப்போம். இன்னாத்துக்குன்னு நெனப்பு வரலீங்க."

அவர் சிவசங்கரியை அருகில் கூப்பிட்டார். "இந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தரப் பத்தி ஒருத்தருக்கு ஒண்ணுமே தெரியல. அத்தையும் மருமகளும் பாரு, எவ்ளோ நெருக்கம். இவங்க ரெண்டு பேரும் சும்மா வாடகையப் பங்கு போட்டுக்கிட்டு இருக்கறவங்க. அடிச்சிடு."

சிவசங்கரிக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், அவங்கதான் சார்—" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர்கள்தான் என்றால் மற்றவர்கள் இல்லை என்றாகிவிடும், அப்படிச் சொல்லக் கூடாது என்பதுதானே அந்த விதி. கொஞ்சம் தள்ளி நின்ற தேவயானியின் காதில் 'அடிச்சிடு' விழுந்துவிட்டது. அவள் சின்னக்குழந்தையின் கையிலிருந்த கோலை வாங்கித் தன் தோளைக் கொடுத்தாள்.

"இன்னாவாம்?" என்றாள் சின்னக்குழந்தை.

"இங்கயும் நாம சொந்தக்காரங்க இல்லயாம்."

அந்த நேரம் கோயிலடியில் குலவை கேட்டது. கறி கூறு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கு வெட்டும் ஆட்டை அந்த ஊரில் பொதுவில் பங்கு வைப்பார்கள். தேக்கிலையை வரிசையாக விரித்து, அடுப்புக்கு ஒரு கூறு. ஆள் எத்தனை என்று பார்க்க மாட்டார்கள். எட்டுப் பேர் இருந்தாலும் ஓர் அடுப்பென்றால் ஒரு கூறு. தனி ஆளாக இருந்தாலும் தனி அடுப்பென்றால் தனிக் கூறு. கூறு போடுவது தீர்த்தகிரி. எடைக்கல் போட்டு நிறுத்துப் பார்த்தாலும் இலைக்கு இலை வித்தியாசம் வராது. ஈரலில் கூட எல்லா இலைக்கும் ஒரு துண்டு உண்டு.

அன்று இலை குறைவாக இருந்தது. பாதிக்குப் பாதி குறைவு. கறிக் குவியல் மட்டும் பெரிசு பெரிசாக இருந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை.

"சாந்தம்மா, ரம்யா அடுப்பு," என்று கூப்பிட்டு, தீர்த்தகிரி ஓர் இலையைத் தள்ளினார்.

சாந்தம்மாள் எடுத்தாள். ரம்யா கை நீட்டிக்கொண்டே நின்றாள். "மாமா, என்னுது?"

"அதான் குடுத்தனே."

"அது அவங்களுது. நாங்க வேற அடுப்பு."

"இப்பத்தான்மா அந்த சார் கிட்ட காளியம்மனுக்கு எதிர்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம்னீங்க. சாமி பாத்துக்கிட்டு இருக்கறப்ப சொன்னத நான் இல்லன்னு சொல்ல முடியுமா? ஒரு குடும்பம், ஒரு அடுப்பு, ஒரு கூறு."

தீர்த்தகிரி குறும்புக்காக அப்படிச் செய்யவில்லை. அந்த மனுஷனுக்கு எதையும் சொன்னபடி நம்பித்தான் பழக்கம். ஆட்டுக் கொட்டகையும் அதனால்தான் போயிற்று.

"மாமா, அப்ப என் கூறு?" என்றான் கோகுல்ராஜ்.

"உனக்கு ஏதுப்பா அடுப்பு? பொண்டாட்டி உங்கம்மாவோட சேர்ந்துட்டா. அடுப்பு இல்லாதவனுக்குக் கூறு இல்ல. ரத்தப் பொரியல் கீது, ஒரு வாய் தின்னுட்டுப் போ."

"எம்மா," என்றான் கோகுல்ராஜ்.

"இருடா." சாந்தம்மாள் இலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் மனசில் அரசாங்கம் கட்டித்தரும் ஒரு பச்சை வீடு, இல்லாவிட்டால் ஒரு கிரைண்டராவது, ஓடிக்கொண்டிருந்தது. "பதிவுக்குச் சேர்ந்திருக்கோம், கறிக்குப் பிரிஞ்சிருக்கோம். அப்பிடி வெச்சிக்கோயேன் தீர்த்தகிரி."

"சாமி கிட்ட அப்பிடி ரெண்டா சொல்ல முடியாது சாந்தம்மா."

"சரி, நான் பாத்து இவளுக்குக் குடுக்கறேன்," என்று அவள் இலையைப் பிரித்து, கொழுப்பில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு எடுத்து நீட்டினாள்.

"ஈரல்?" என்றாள் ரம்யா.

"ஈரல் ஒரே துண்டுதான் கீது. எனக்குப் பல்லு ஆடுதுன்னு உனக்குத் தெரியாதா? நீதான சார் கிட்ட சொன்ன?"

ரம்யா விறுவிறுவென்று புளியமரத்தடிக்குப் போனாள். "சார், எங்கள வெட்டிடுங்க."

"இன்னாம்மா?"

"நான் அவங்களுக்கு மருமக சார். மருமக மட்டும்தான். இந்த ஜென்மத்துல அவங்களோட ஒரே அடுப்புல சேர மாட்டேன். எழுதிக்கோங்க."

அவள் பின்னால் ஓரகத்திகள் வந்தார்கள், ஒரே ஆட்டுத்தொடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு. பங்காளி வீட்டுப் பெண்கள், பல வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். பேசியதை இங்கே சொல்ல முடியாது. முத்தம்மாளுக்குத்தான் பெரிய இடி. அவள் ஜோடி நெல்லிவாசல் பக்கம் போயிருப்பதால் அவள் கூறையும் அந்த ஊரில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார் கட்டிய புருஷன். ஆதிநாராயணன் விரல் வலிக்க வலிக்க ஒவ்வொரு ஜோடியாக அடித்தார். கடைசியில் சாந்தம்மாளும் வந்து நின்றாள்.

"கிரைண்டர் வருமா, வராதா? அத மட்டும் சொல்லு சார்."

"வராதும்மா."

"மொதல்லயே சொல்றதுதான. அடிச்சிடு." இலையைத் திருப்பிக் கொண்டுபோய்த் தீர்த்தகிரி முன்னால் வைத்தாள். "இந்தா, ரெண்டாப் போடு. பாத்துப் போடு."

தீர்த்தகிரி எல்லாவற்றையும் மறுபடி கலந்து, இலைகளை மறுபடி விரித்து, மறுபடி கூறு போட்டார். இதற்குள் எலுமிச்சம்பழம் வேலை செய்து ஆதிநாராயணனுக்குப் பசி எடுத்திருந்தது. வேடிக்கை பார்க்கிற மாதிரி வந்து இலைகளுக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். எல்லாக் கூறும் பழையபடி பிரிந்துவிட்டது.

"சின்னக்குழந்தை, தேவயானி அடுப்பு," என்றார் தீர்த்தகிரி.

தேவயானி வந்து ஓர் இலையை எடுத்துக்கொண்டாள்.

"இவங்க இன்னும் பிரியலயா?" என்றார் ஆதிநாராயணன்.

தீர்த்தகிரிக்குக் கேள்வி விளங்கவில்லை. "இவங்க எங்க சார் சேர்ந்தாங்க பிரியறதுக்கு? இவங்களுக்கு எப்பவும் ஒண்ணுதான்."

"எப்பலேர்ந்து?"

"தேவயானி வந்த வருஷத்துலேர்ந்து. அந்தத் திருவிழாவுல நான் அவளுக்குத் தனியா ஒரு கூறு போட்டேன் சார். புதுசா வந்த பொண்ணு, தனி ஆளாச்சேன்னு. சின்னக்குழந்தை அந்த இலையக் கொண்டாந்து எதிர்ல வெச்சிட்டா. 'எங்களுது ஒரே அடுப்பு, இது உபரி'ன்னுட்டா."

ஆதிநாராயணன் எலுமிச்சம்பழத்தைக் கீழே இறக்கினார். "கறியத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"ஈரலோடயா?"

"ஈரலோடதான் சார். நான் இத்தன வருஷமா கூறு போடறேன். கொறையுதுன்னு வந்தவங்க உண்டு, எலும்பாப் போச்சுன்னு வந்தவங்க உண்டு. அதிகமா கீதுன்னு திருப்பிக் குடுத்தது இவங்க ஒருத்தருதான்."

ஆதிநாராயணன் சுற்றிலும் பார்த்தார். அங்கே ஈரலுக்காகக் குடும்பங்கள் பிரிந்ததை இப்போதுதான் பார்த்திருந்தார். அவரும் கறி தின்கிற ஊரில் பிறந்தவர்தான். தன் கேள்விகளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, டேப்லெட்டைச் சிவசங்கரியிடம் நீட்டினார்.

"நீயே கேட்டு எழுது. தள்ளிப் போய், ரகசியமா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"மலைக்கு ஒண்ணுதான் சார் வருது."

"ஒண்ணு வரட்டும்மா. நான் பூஜ்யம் எழுதறதா இருந்தேன்."

மூன்று பேரும் பாறை மறைவுக்குப் போனார்கள். உறவு என்ற இடத்தில் சிவசங்கரி நிறுத்தினாள். "வாழ்க்கைத் துணைன்னு இருக்குக்கா. அதப் போடட்டுமா?"

தேவயானி அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "இத ஆஸ்பத்திரியில சொன்னா அந்தப் பொண்ணுக்குப் புரியுமா?"

"புரியணும்னுதான்க்கா இந்த வேல."

"அப்ப போடு. கீழ எடம் இருந்தா, ஒரு கூறுன்னும் எழுதிக்கோ. அது எங்களுக்குப் புரியும்."

குறிப்பு என்று ஓர் இடம் காலியாக இருந்தது. சிவசங்கரி எழுதினாள்.

கொள்கை எழுதுகிறவர்கள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் அவர்கள் மேஜையில் இப்போது ஒன்று என்று ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது, அதை எவரும் அடிக்க முடியாது. ஆதிநாராயணனுக்கு ஊர் ஒரு விருந்தாளிக் கூறு கொடுத்தது. இறங்கும்போது வளைவுகளில் அதுவும் போயிற்று என்று கோகுல்ராஜ் சொன்னான். அவன் சொல்வதை நாம் பாதிதான் நம்ப வேண்டும்.

அவர்கள் இருவரும் இலையை எடுத்துக்கொண்டு மெல்ல வீட்டுக்கு நடந்தார்கள்.

"இத்தன வருஷம் அந்தக் கொழம்ப புடிக்காமலயா தின்ன?" என்றாள் சின்னக்குழந்தை.

"நீ?"

"நானும்தான்."

தேவயானி இலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கூடை நெறைய கீற கொட்டைய இன்னா செய்யறது?" என்றாள் சின்னக்குழந்தை.

"செய்யி. பழகிப்போச்சி."

அவ்வளவுதான் கண்ணுகளா. கடலைத் தோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளுங்கள், காலில் குத்தும். உங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் ஆறாமல் எரியட்டும். உங்கள் இலையில் எலும்பு குறைந்து ஈரல் நிறையட்டும். உங்களோடு ஒரே இலையில் கை வைக்கிறவர் யாராக இருந்தாலும், அவர் உங்களுக்கு யார் என்று உலகம் கேட்கிற நாளில், பதில் உங்கள் நாக்கில் இருக்கட்டும், கேட்டவர் அதை ஒத்துக்கொள்ளட்டும். நன்றாக இருங்கள், உங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.